ஈ மேய்க்கப் போன அப்பா எழுதுவது

பாப்பா ரோசி,

போன வியாழக்கிழமை சாயந்திரம் உன் அப்பா ஒரு முழுத் தேனீக் கூட்டத்தை வெறுங்கையால் அள்ளிப் பெட்டிக்குள் விட்டேன். நானேதான். ஐந்து விரலும் இருக்கிற இடது கையாலும், மூன்று விரல் மிச்சம் இருக்கிற வலது கையாலும் அள்ளினேன். அன்றைக்கே உன்னிடம் சொல்லச் சொல்லி உன் அம்மா போனை என் கையில் திணித்தாள். போனில் எனக்கு "சாப்பிட்டியா", "அங்கன வெயில் எப்படி" என்பதைத் தாண்டி வார்த்தை வராது, உனக்கே தெரியும். நீ "கிளப்புக்குப் போறீங்களாமே, அம்மா சொன்னாங்க" என்று எத்தனை தடவை கேட்டாய்! "ம்" என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நீ விட்டுவிட்டுப் போன நர்சிங் நோட்டு ஒன்றில் வெற்றுத்தாள் நிறையக் கிடந்தது. அம்மா பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவாள். மூன்று நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை பாப்பா. கல்யாண வீட்டுக்காரன் மாதிரி தெருவில் போகிறவனையெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உனக்குச் சொல்லாமல் ஊருக்கெல்லாம் சொல்லி என்ன பிரயோஜனம்?

ஆனால் இதைச் சொல்ல வேண்டுமென்றால் என் தப்பு இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும். முதலாவது உனக்குத் தெரிந்தது. நீ குவைத்துக்குக் கிளம்பிய அன்று, மதுரை ஏர்போர்ட்டுக்குப் போகிற கார் வாசலில் வந்து நின்றது. நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, காய்ச்சல் என்று படுத்திருந்தேன். நீ வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாய். நர்சுக்குப் படித்த பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லாத நெற்றி தெரியாதா? கையைக் கொஞ்ச நேரம் எடுக்காமலே வைத்திருந்தாய். "சரிப்பா, ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். கார் திரும்புகிற சத்தம் கேட்டது. அப்போதும் நான் எழுந்திரிக்கவில்லை. வெளிநாட்டுக்குப் போகிற ஒரே மகளை வாசல்வரை வந்து அனுப்பாத அப்பன் நான்.

அத்தனை வீம்புக்கும் காரணம், அதற்கு இரண்டு நாள் முன்னால் நீ சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்ன ஒரு விஷயம். உன்கூட வேலை பார்த்த பிள்ளையின் அக்கா பாத்திமா பாம்பனில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேனீ வளர்க்கிறவர்களெல்லாம் அக்காள்மடம் தென்னந்தோப்பில் கூடுகிறார்கள், அந்தக் கிளப்பில் அப்பா பேரைக் கொடுத்துவிட்டேன் என்றாய். நான் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினேன். "முப்பது வருசம் கடல்ல லாஞ்ச் ஓட்டுனவன ஈ மேய்க்கச் சொல்றியா? கை போச்சுன்னா புத்தியும் போச்சுன்னு நெனச்சியா?" சிந்தின சோற்றைக் கூட்டி அள்ளினாய். விரல் போன நாளிலிருந்து நான் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன், டிவியை வெறித்தேன், உன் அம்மா எதைச் சொன்னாலும் எரிந்து விழுந்தேன். நீ போனபின் அவள் தனியாக என்னிடம் மாட்டிக்கொள்வாளே என்று பயந்துதான் நீ பேர் கொடுத்திருக்கிறாய். அது எனக்கு அன்றைக்கே விளங்கியது. விளங்கியதால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

நீ போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சட்டையைக் கழற்றுகிறேன், வாசலில் ஹாரன் சத்தம். மஞ்சள் வேன். முக்காடு போட்ட ஒரு பொம்பளைப் பிள்ளை டிரைவர் சீட்டிலிருந்து குதித்து இறங்கி, "அண்ணே, ரோசி உங்க பேரக் குடுத்திருக்கு, வாங்க" என்றாள். நான் வரவில்லை என்றேன். "பேரு குடுத்தவங்கள வீட்டுக்கே வந்து ஏத்திட்டுப் போறதுதான் என் வழக்கம். எல்கேஜி பிள்ளைங்க இதவிட அதிகமா அழும், நான் விட்டதே இல்ல." உன் அம்மா உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். முன்பின் தெரியாத பிள்ளையிடம் எப்படிச் சண்டை போடுவது? சின்னப் பிள்ளைகள் உட்காருகிற அந்தச் சீட்டில் முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் தெரிந்தவன் எவனும் பார்த்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்தபடியே போனேன்.

தோப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒரு தையல்காரர், காலேஜ் படிக்கிற இரண்டு பொம்பளைப் பிள்ளைகள், ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு நெல் விவசாயி, இந்த மாதிரி. அத்தனை பேரிலும் ஒன்றும் தெரியாதவன் நான் ஒருத்தன்தான். படகில் என் வாயிலிருந்து வார்த்தை விழுமுன் நாலு பேர் ஓடுவார்கள். இங்கே என்னைவிட முப்பது வயது சின்னவளான பாத்திமா "அண்ணே, பெட்டிக்கு முன்னால நிக்காதீங்க, அது அதுங்க பாதை" என்று கையைப் பிடித்து ஓரமாக நகர்த்தினாள். தலைக்கு வலைத்தொப்பி, கைக்கு உறை. என் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் கிடையாது இல்லையா, உறையில் அந்த இரண்டு விரலும் காலியாகத் தொங்கியது. பாத்திமா பெட்டியின் மூடியைத் தூக்கினாள். எப்படி நுழைந்ததோ, ஒரு தேனீ மணிக்கட்டு வழியாக உள்ளே போய், அந்தக் காலி விரலுக்குள் உட்கார்ந்துகொண்டு ரீங்காரம் போட்டது. இல்லாத விரலில் என்னவோ ஊர்கிற மாதிரி இருந்தது பாப்பா! "ஐயோ"வென்று கத்திக்கொண்டு ஓடி, தேங்காய் மட்டைக் குவியலில் தடுக்கி விழுந்து, எழுந்து, உறையை உதறினேன். அது வெளியே வருகிற வழியில் உள்ளங்கையில் ஒரு கொட்டு கொட்டிவிட்டுத்தான் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். முதலில் முறைத்தேன். அப்புறம் எனக்கும் வந்துவிட்டது சிரிப்பு, அடக்க முடியவில்லை, கண்ணில் தண்ணி வருகிற அளவுக்கு. விபத்துக்குப் பிறகு நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அடுத்த வாரம் போனால், பாத்திமா அந்த இரண்டு விரலையும் உள்ளே மடித்து, மேலே தைத்து, உறையை எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறாள்.

அடுத்த வாரமும் போனேன் என்பதைக் கவனித்தாயா? வேன் வருமுன்பே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். நான் பார்த்ததை உனக்கு எப்படிச் சொல்வேன்! பெட்டியிலிருந்து ஒரு தேனடைச் சட்டத்தைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்தால், ஒவ்வொரு அறைக்குள்ளேயும் நூல் துண்டு மாதிரி ஒரு முட்டை நிற்கிறது. ஒரு தேனீ வெளியிலிருந்து வந்து, இடுப்பை ஆட்டி ஆட்டி ஓடி, எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் பூ இருக்கிறது என்று மற்றதுக்குச் சொல்கிறது. திசைமானி கையில் வைத்துக்கொண்டு கடலில் நாங்கள் தேடியதை, இது ஒரு உள்ளங்கை அகலத்தில் ஆடிக்காட்டிவிடுகிறது. காலில் மகரந்தம் உருண்டை உருண்டையாக ஒட்டியிருக்கும், ஒன்றில் வெளிர்மஞ்சள், ஒன்றில் நல்ல காவி. எங்கே மேய்ந்துவிட்டு வருகிறது என்று நிறத்தை வைத்தே பாத்திமா சொல்வாள். நான் வீட்டுக்கு வந்து உன் அம்மாவைப் பிடித்து உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்வேன். "ஏங்க, கல்யாணம் ஆன நாள்லேருந்து மொத்தமா நீங்க பேசுன பேச்சு இந்த ஒரு மாசப் பேச்சுக்குக் காணாது" என்றாள்.

ஒரு பெருமையும் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். கச்சான் என்கிற மேல்காற்று தொடங்கியதும் தோப்பில் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாகும், ஈக்கள் கூண்டோடு ஓடிப்போகும், தேனீ இந்தத் தீவுக்கு ராசி இல்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு நாள் முழுக்கத் தோப்பில் உட்கார்ந்து பார்த்தேன். பெட்டிகளின் வாசல் பாதிக்கு மேல் மேற்கே பார்த்து இருந்தது. மேல்காற்று மணலை அள்ளி நேரே வாசலுக்குள் அடிக்கிறது. பாரம் சுமந்து வருகிற ஈ, எதிர்காற்றில் மூன்று தடவை நாலு தடவை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கீழே விழுகிறது. நான் பாத்திமாவிடம், "ஏம்மா, எந்தப் படகையாச்சும் இப்படிக் காத்துக்கு மொகத்தக் குடுத்து அணைவோமா? வாசலக் கெழக்க திருப்பு, மேக்க ஓலைய மறைச்சுக் கட்டு" என்றேன். அன்றைக்கே எல்லோரும் சேர்ந்து திருப்பினோம். கயிறு கட்டினது நான்தான், மூன்று விரலில் முடிச்சுப் போட்டேன், ஒன்றும் அவிழவில்லை. அந்தக் காற்றுக்காலத்தில் எங்கள் தோப்பிலிருந்து ஒரு கூட்டம்கூட ஓடிப்போகவில்லை. அந்த ஆர்.எஸ்.மங்கலத்து விவசாயி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

இனி இரண்டாவது தப்பு. இது உனக்குத் தெரியாது. என் விரலைப் பற்றியது.

அன்றைக்கு வலை ஏறிக்கொண்டிருந்தது. கயிற்றைச் சுற்றி வலையை இழுக்கிற விஞ்சில் கயிறு ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொண்டது. நிறுத்தச் சொல்லிவிட்டு நான் கையை விட்டுச் சிக்கை எடுத்தேன். விஞ்சுப் பக்கம் நின்றவன் அந்தோணி. என்கூட இருபத்தைந்து வருசம் ஒரே படகில் இருந்தவன், கோயிலில் உன் ஞானஸ்நானத்தின்போது உன்னைக் கையில் தாங்கிய ஞானத்தகப்பன். சிக்கு விட்டதும், கையை எடுக்குமுன்பே "இழு" என்று கத்தினேன். நான் கத்தினேன். அவன் இழுத்தான். அவ்வளவுதான் நடந்தது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் சூழ்ந்து நின்று எப்படி ஆச்சு என்று கேட்டபோது, என் வாயில் வந்தது, "அந்தோணி கேக்காம விஞ்சப் போட்டுட்டான்." ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். நான் டிரைவர், படகில் யாருக்கும் அடிபடாமல் இத்தனை வருசம் கொண்டுவந்தவன் என்று பேர். என் அவசரத்தால் என் விரலே போனது என்று சொல்ல நாக்கு வரவில்லை. முதலாளி அவனை அந்த வாரமே நிறுத்திவிட்டார். பல மாதம் அவனுக்கு நிலையான படகு கிடைக்கவில்லை. அவன் என்னை எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. அவன் சும்மா இருக்க இருக்க, நான் சொன்னது எனக்கே நிஜம் மாதிரி ஆகிவிட்டது.

நீ குவைத்துக்குப் போகுமுன் "அந்தோணி மாமாகிட்ட மட்டும் சொல்லிட்டு வந்திர்றேனேப்பா" என்று கேட்டாய். நான், "என் விரலத் தின்னவன் வாசல மிதிச்சா, அப்புறம் என் வாசல மிதிக்காத" என்றேன். நீ அவனிடம் சொல்லிக்கொள்ளாமலே போனாய். நீ செய்ததில் ஒரு குற்றமும் இல்லை பாப்பா. உன்னைத் தடுத்த காரணமே பொய்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். சாயந்திரம் நாலு மணி இருக்கும். பாத்திமா போன் பண்ணுகிறாள், பின்னால் பிள்ளைகள் கூச்சல். "அண்ணே, தங்கச்சிமடத்துல படகு கட்டுற பாலத்துல நிக்கிற லாஞ்ச் ஒண்ணுல கூட்டம் எறங்கியிருக்காம். கேபினுக்கு மேல தொங்குதாம். டீசலத் துணில நனைச்சுக் கொளுத்தப் போறாங்களாம், நாளைக்குத் தொழிலுக்குப் போகணுமாம். எனக்கு இன்னும் பதினாலு பிள்ளைய எறக்கணும். உங்க வீட்டுக்குப் பக்கம்தான். போய்த் தீ வைக்காம நிறுத்துங்கண்ணே." தானாகப் பறந்து வந்த கூட்டத்தைப் பிடிப்பதை அதுவரை நான் பார்த்திருக்கிறேன், பிடித்ததில்லை. "யாரு படகும்மா?" என்றேன். "அந்தோணின்னு ஒரு டிரைவராம்."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்து என்ன என்றாள். சொன்னேன். "எரிக்கட்டும், எனக்கென்ன" என்றும் சேர்த்துச் சொன்னேன். அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு சொன்னாள், "தூக்கத்துல நீங்க எத்தனை தடவ 'இழு, இழு'ன்னு கத்தியிருக்கீங்க தெரியுமா? எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்களாச் சொல்வீங்கன்னுதான் இருந்தேன்." உள்ளே போய், கிளப்பில் எனக்குத் தந்திருந்த, பழைய தேனடை கட்டிய சட்டம் போட்ட காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஈயை அமர்த்தப் புகை காட்டுகிற புகைப்பானைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தோம். ஆட்டோக்காரன், "பெட்டிக்குள்ள என்னண்ணே?" என்றான். "போகும்போது ஒண்ணுமில்ல. வரும்போது எங்கள ஏத்துறியான்னு பாப்போம்" என்று உன் அம்மாதான் சொன்னாள்!

படகு கட்டுகிற பாலத்தில் ஒரே கூட்டம். கேபின் கூரைக்கு அடியில் குறுக்குச் சட்டத்தில், பழுப்பு நிறத்தில், ஒரு தண்ணிக்குடம் அளவுக்குத் தொங்குகிறது. உயிருள்ள குடம், மேலெல்லாம் அலை அலையாக நெளிகிறது. ஒருத்தன் கம்பில் துணியைச் சுற்றித் தீ பற்றவைத்துவிட்டான், இன்னொருத்தன் டீசல் கேனோடு நிற்கிறான். மரப்படகு பாப்பா, தீப்பொறி விழுந்தால் படகே போகும். "ஏலே! நெருப்பத் தண்ணியில போடு!" என்று ஒரு குரல் கொடுத்தேன். இரண்டு வருசமாக என் தொண்டையில் அந்தக் குரல் இல்லை. அவன் யோசிக்காமல் கம்பைக் கடலில் போட்டுவிட்டான். அப்புறம்தான் திரும்பி யார் என்று பார்த்தான். படகின் பின்பக்கத்திலிருந்து அந்தோணியும் பார்த்தான். தலைமயிர் நன்றாக நரைத்துவிட்டது அவனுக்கு. நான் பலகையில் கால் வைத்ததும் படகு ஆடியது, பழக்கத்தில் கையை நீட்டினான். நானும் பழக்கத்தில் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

அள்ளுகிறதுக்கு இரண்டு கை வேண்டும், கீழே பெட்டியைத் தாங்க இன்னொரு ஆள் வேண்டும். எல்லோரும் பாலத்துக்கு ஓடிப்போயிருந்தார்கள். நின்றவன் அவன் ஒருத்தன்தான். என் வலைத்தொப்பியைக் கழற்றி அவன் தலையில் மாட்டினேன். "ஒனக்கு?" என்றான். "கூடு மாறி வார ஈ வயிறு முட்டத் தேனக் குடிச்சிட்டு வரும், லேசுல கொட்டாது" என்றேன். பாத்திமா சொல்லித்தந்த வார்த்தை அது. அதை அவள் சொன்னபோது நம்புவது சுலபமாக இருந்தது, முகத்துக்கு எதிரே குடம் தொங்கும்போது அவ்வளவு சுலபமாக இல்லை. உறையையும் கழற்றினேன், உறையோடு அள்ளினால் நசுங்கும். லேசாகத் தண்ணி தெளித்துவிட்டு, இரண்டு கையையும் அந்தக் கூட்டத்துக்குள் விட்டேன். என்ன சூடு தெரியுமா! காய்ச்சல்கார உடம்பு மாதிரிச் சூடு, தானியத்துக்குள் கை விட்ட மாதிரி ஒரு கனம், அத்தனையும் அசைகிறது. அள்ளி மெதுவாகப் பெட்டிக்குள் இறக்கினேன். பெட்டி பின்னுக்குப் போனது. பார்த்தால் அந்தோணி ஒரு அடி பின்வாங்கியிருக்கிறான். புயலுக்கு நடுவில் பீடி பற்றவைக்கிறவன் அவன்.

"அசையாத" என்றேன். "அசையல" என்றான். அடுத்த கை அள்ளிக்கொண்டே சொன்னேன், "அந்தோணி, அன்னைக்கு இழுன்னு சொன்னது நான்தான். நீ சரியாத்தான் செஞ்ச." வலைக்குள் முகம் தெரியவில்லை. "இத இப்பமா சொல்வே?" என்றான். "நீ கையில பெட்டியோட ஓட முடியாம நிக்கிறப்ப சொன்னாத்தான் உண்டு" என்றேன். அவன் வயிறு குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை, பெட்டி குலுங்கியதில் நாலு ஈ எழும்பி வந்து ஒன்று என் கண்ணிமையில் கொட்டிவிட்டது.

அதற்குள் அள்ளிப்போட்ட ஈயெல்லாம் திரும்ப எழும்பிக் கூரைக்கே போக ஆரம்பித்தது. ராணி இன்னும் மேலே இருக்கிறது என்று அர்த்தம். ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. இன்னொரு கண்ணை வைத்துக்கொண்டு சட்டத்தில் ஒட்டியிருந்த மிச்சக் கூட்டத்தில் தேடினேன். விலக்க விலக்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. நாலைந்து நிமிசம் ஆகியிருக்கும், எனக்கு ஒரு யுகம். அப்போது நீளமாக, கறுத்த உடம்போடு, சிறகு பாதி உடம்புக்கே எட்டுகிற மாதிரி ஒன்று, அவசரமே இல்லாமல் நடந்து வந்து என் வலது கையில் ஏறியது. விரல் போன இடத்தில் இருக்கிற மொட்டைமேல் ஏறி நின்றது. கையை அப்படியே பெட்டிக்குள் இறக்கி, பழைய அடையில் ஒட்டினாற்போல் வைத்தேன். அது இறங்கி உள்ளே போனது. மூடியைப் பாதி சாத்தினோம். ஒரு நிமிசத்தில் வாசலில் பத்து இருபது ஈ பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சிறகடித்து மற்றதைக் கூப்பிட ஆரம்பித்தது. மேலே இருந்த மிச்சமெல்லாம், கோயில் கலைந்து கூட்டம் தெருவில் இறங்குகிற மாதிரி, வரிசை வரிசையாகச் சட்டத்தில் நடந்து, பறந்து, உள்ளே போகிறது! பாலத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள். உன் அம்மா புகைப்பானைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். வேனைப் போட்டுவிட்டு ஓடிவந்த பாத்திமா வாசலைக் குனிந்து பார்த்து, "அண்ணே, ராணி உள்ள இருக்கு! நீங்களே பிடிச்சிட்டீங்க!" என்று என் கையைப் பிடித்துக் குதித்தாள்.

நான் அங்கேயே பாலத்தில் நின்ற அத்தனை பேரிடமும் சொன்னேன். விஞ்ச் விஷயத்தில் தப்பு என்னுடையது, அந்தோணிமேல் பழி போட்டது பொய் என்று சொன்னேன். ஒருத்தன் "ரெண்டு வருசம் கழிச்சா?" என்றான். கேட்டது நியாயம்தான். வெளியே மேய்ந்த ஈக்களும் திரும்பட்டும் என்று பொழுது சாயும்வரை பெட்டியின் பக்கத்தில் நானும் அந்தோணியும் உட்கார்ந்திருந்தோம். ஏன் என்னை மறுத்துப் பேசவில்லை என்று கேட்டேன். "ஆஸ்பத்திரியில கட்டுப்போட்டுக் கிடக்கிறவன்கிட்ட என்னத்த வாதாட? அப்புறம் நாளாயிருச்சு. கோவம் இல்லன்னு நெனைக்காத. ஒன் தெரு வழியா போகக்கூடாதுன்னு கோயிலுக்குச் சுத்திப் போனேன்" என்றான். கொஞ்சம் கழித்து, "ரோசி எப்படி இருக்கு?" என்றான். "சொல்லிக்காமப் போயிருச்சேன்னுதான் எனக்கு வருத்தம். விரலு பொய்ய நான் தாங்கிட்டேன், அதத்தான் தாங்க முடியல." அதற்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும். அவன் நம்பர் பழைய நம்பர்தான். என் பேச்சைக் கேட்டு நீ போகாமல் இருந்தாய், இப்போது என் பேச்சைக் கேட்டே அவனுக்கு ஒரு போன் போடு.

இதையெல்லாம் நீ அங்கே வார்டில் இருக்கிற பிள்ளை என்பதால் இன்னொரு காரணத்துக்காகவும் எழுதுகிறேன். உன் வேலையில் ஒரு நாள் ஒரு தப்பு நடக்கும். எல்லோருக்கும் நடக்கும். ஒரு மாத்திரை மாறும், ஒரு குறிப்பு விட்டுப்போகும். அந்த நிமிசத்திலேயே போய்ச் சொல்லிவிடு. திட்டுவார்கள், வேலைக்கே பங்கம் வந்தாலும் வரட்டும். நீ வாயை மூடிக்கொண்டால், உன் பக்கத்தில் நிற்கிற இன்னொரு பிள்ளை அதைச் சுமக்கும். நான் அதைச் செய்து பார்த்துவிட்டேன், நீ செய்து பார்க்க வேண்டியதில்லை. அப்புறம், அறைக்குள்ளேயே கிடக்காதே. லீவு நாளில் உனக்கு ஒன்றுமே தெரியாத ஏதாவது ஒன்றில் போய்ச் சேர். பாட்டோ, பந்து விளையாட்டோ, எதுவோ. அங்கே போய் எல்லோரிலும் மட்டமான ஆளாக நில். ஐம்பத்தேழு வயதில் தேங்காய் மட்டையில் தடுக்கி விழுந்தவன் சொல்கிறேன், அதில் ஒரு சுகம் இருக்கிறது. எனக்கு என்ன தேவை என்று பார்த்து நீ பேர் கொடுத்த மாதிரி நானும் உனக்கு அங்கே எதிலாவது பேர் கொடுத்திருப்பேன், வழி தெரியவில்லை.

பிடித்த கூட்டத்தை அந்தோணி வீட்டுப் பின்னால், முருங்கை நிழலில் வைத்திருக்கிறோம். அவன் படகில் வந்தது அவன் வீட்டுக்குத்தானே போக வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் அவன் தொழிலுக்குப் போகவில்லை, முக்காலியைப் போட்டுப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டான். ஈ வாசலை அடையாளம் பார்த்துச் சுற்றிச் சுற்றிப் பறப்பதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் மேல் போன். "ஏலே, ஒண்ணு மஞ்சளா எதையோ தூக்கிட்டு வருது!" "ஏலே, ஒண்ணு இன்னொண்ண வெளிய தள்ளுது, சண்டையா?" நேற்று மட்டும் பதினோரு தடவை. உன் அம்மா எண்ணிவிட்டாள். அவனுக்கு இன்றைக்குத்தான் கிளப்பில் முதல் நாள். என் வீங்கின கண்ணை அம்மா உனக்குப் போட்டோ எடுத்து அனுப்பப் போவதாக மிரட்டுகிறாள். அனுப்பட்டும்.

இன்னும் எழுதுவதற்கு நிறைய இருக்கிறது. எழுத விடமாட்டார்கள் போல. பூசை முடிந்து வந்து இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பாத்திமா போன் பண்ணினாள், பாம்பனில் ஐஸ் கம்பெனிச் சுவரில் இன்னொரு கூட்டம் இறங்கியிருக்கிறதாம், வேன் எடுத்துக்கொண்டு வருகிறாளாம், தயாராக நில்லுங்கள் என்கிறாள். இதோ, வாசலில் சத்தம். எட்டிப் பார்க்கிறேன். உன் ஞானத்தகப்பன். தன் வீட்டிலிருந்தே வலைத்தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, தெருவே பார்க்க நடந்து வந்து நிற்கிறான், "ஏலே, கெளம்பலையா?" என்கிறான். போய்ட்டு வாரேன் பாப்பா.

உன் அப்பா